உண்டா இல்லியான்னு கேட்டா

2025 செப்டம்பர் 10ஆம் தேதி, செவ்வாய்க் கிரகத்துல ஒரு பாறையைப் பத்தி நாசா அறிவிச்ச அன்னைக்கு ராத்திரி எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாக்குவாதம் ஓடிச்சு. அத்தான் ஒருத்தர் 'செவ்வாயில் உயிர் கண்டுபிடிப்பு'ன்னு பெரிய எழுத்துல ஒரு வீடியோவைப் போட்டாரு. சித்தப்பா உடனே 'ஒண்ணும் கிடையாது, துட்டு வாங்குறதுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா இப்படி ஒண்ணு இறக்குவானுவ'ன்னு பதில் போட்டாரு. நான் ரெண்டு பேருக்கும் சேத்து, அவங்க உயிர் இருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல, ஒரு காலத்துல உயிர் இருந்ததுக்கான அடையாளமா இது இருக்கலாம், இன்னும் சோதிக்கணும்னு தான் சொல்லியிருக்காங்கன்னு எழுதினேன். அதுக்கு சித்தப்பா போட்டாரு: 'இருக்கலாம்னு எதை வேணும்னாலும் சொல்லலாமே மக்ளே. உண்டா இல்லியா, அதைச் சொல்லு.' அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. ஏன்னா அது எனக்கு தினமும் பழகின கேள்வி. நான் நாகர்கோவில்ல ஒரு லேப்ல மைக்ரோபயாலஜி பகுதியில டெக்னீஷியனா இருக்கேன். ரத்தம், மூத்திரம், சளி, புண்ணுல இருந்து எடுத்த சீழ், இதுல எல்லாம் கிருமி வளருதான்னு பாத்து ரிப்போர்ட் போடுறது தான் எனக்க சோலி. ரிப்போர்ட் வாங்க வர்றவங்க கவுண்டர்ல நின்னு கேக்குறதும் இதே தான்.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு விண்வெளி ஒண்ணும் தூரத்து விஷயம் இல்ல. சாரக்கல்விளையில பிறந்த சிவன் இஸ்ரோ தலைவரா இருந்தாரு, 2025 ஜனவரியில இருந்து மேலக்காட்டுவிளைக்காரர் நாராயணன் இருக்காரு, ஆரல்வாய்மொழி தாண்டிப் போனா மகேந்திரகிரி, ராக்கெட் எஞ்சினை எரிச்சுப் பாக்குற இடம். மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்னைக்கு செவ்வாயைச் சுத்த ஆரம்பிச்சப்ப இங்க டீக்கடையில எல்லாம் அதுதான் பேச்சு. ஆனா அந்தப் பேச்சு பூரா எஞ்சினைப் பத்தி, செலவு எவ்வளவு குறைவுங்கிறதைப் பத்தி. அதுக்குள்ள மீத்தேன்னு, உயிர்கள் விடக்கூடிய ஒரு வாயுவைத் தேட ஒரு கருவி வச்சிருந்தாங்களே, அது எதுக்கு, அங்க மீத்தேன் இருந்தா என்ன இல்லாட்டி என்னன்னு யாரும் பேசி நான் கேக்கல. எனக்கு அப்பவும் இப்பவும் அந்தப் பகுதி தான் பிடிக்கும். போய்ச் சேருறது ஒரு சாதனை, சந்தேகமே இல்ல. போய்ச் சேந்த பிறகு என்ன கேக்குறோம், எப்படிக் கேக்குறோம்ங்கிறது வேற ஒரு கஷ்டம்.

பாறையில இருந்த புள்ளி

அந்தப் பாறையைப் பாத்தது நாசாவோட பெர்சவியரன்ஸ் ரோவர், செவ்வாயில ஓடித் திரியிற வண்டி. அது 2021 பிப்ரவரி 18ல அங்க ஜெசரோ பள்ளத்துல இறங்குச்சு. ஏறக்குறைய 45 கிலோமீட்டர் அகலம், ஒரு காலத்துல ஆறு வந்து விழுந்து ஏரியா நின்ன இடம். 2024 ஜூலையில அந்த ஏரிக்குத் தண்ணி கொண்டுவந்த பழைய ஆத்துப் பள்ளத்தாக்குல, சேறு இறுகி உண்டான ஒரு பாறையில, சின்னச் சின்னப் புள்ளிகளைப் பாத்துச்சு. நடுவுல வெளிறிப்போய், சுத்தி கறுப்பு விளிம்பு வச்சு, மில்லிமீட்டர் கணக்குல தான் இருக்கும், சிறுத்தைப் புள்ளி மாதிரின்னே பேர் வச்சுட்டாங்க. பாறைக்குப் பேரு செயாவா ஃபால்ஸ். ரோவரோட கருவிகள் பாத்ததுல அந்தப் பாறையில கரிமப் பொருள் (உயிருக்கு மூலமான கார்பன் சேந்த பொருள்) இருக்கு, புள்ளியோட விளிம்புல இரும்பும் பாஸ்பேட்டும் சேந்த விவியனைட், நடுவுல இரும்பும் கந்தகமும் சேந்த கிரெய்கைட், இது ரெண்டும் இருக்கலாம்னு தெரிஞ்சுது. ஒரு வருசத்துக்கு மேல சக ஆராய்ச்சியாளர்கள் அலசிப் பாத்து, நேச்சர் இதழ்ல வந்த பிறகு தான் செப்டம்பர்ல அறிவிச்சாங்க.

இதுல என்ன விசேஷம்னு கேட்டா, மணக்குடி காயல்ல கண்டல் செடி நிக்கிற சேத்துல காலை வச்சுப் பாத்தவங்களுக்குச் சட்டுனு புரியும். மேல பழுப்பா இருக்கும், கால் ஒரு சாண் உள்ள போச்சுன்னா கறுகறுன்னு சேறு வரும், கூடவே முட்டை அழுகின நாத்தம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல. காத்து எட்டாத ஆழத்துல கிடக்குற பாக்டீரியா, ஆக்சிஜன் கிடைக்காததால சேத்துல இருக்குற இரும்புத் துருவையும் சல்பேட்டையும் வச்சு சுவாசிக்குது, மக்கின இலை தழை அதுக்குச் சாப்பாடு. அப்படி சுவாசிச்சதோட மிச்சம் தான் இரும்பு சல்பைடு, அதோட கறுப்பு தான் நம்ம காலுல ஒட்டுறது. செவ்வாய்ப் பாறையிலயும் அதே சாமான் எல்லாம் ஒரே இடத்துல இருக்கு: சேறு, துரு, கந்தகம், பாஸ்பரஸ், கரிமப் பொருள், அது கூட, சுவாசிக்கிறப்ப நடக்குற மாதிரி எலக்ட்ரான் கைமாறின தடம். உயிர் இல்லாமலும் இது நடக்கலாம். ஆனா சல்பேட்டை உயிர் இல்லாம சல்பைடா மாத்தணும்னா சாதாரணமா 150 டிகிரிக்கு மேல சூடு வேணும், அந்தப் பாறை அப்படி வெந்த மாதிரி அடையாளம் எதுவும் காணல. அமிலமும் அப்படி ஒண்ணும் பட்டதாத் தெரியல. அதனால உயிர் இருந்திருக்கலாம்ங்கிறது சும்மா வாய்க்கு வந்த 'இருக்கலாம்' இல்ல. ஒவ்வொரு மாத்து விளக்கத்தையும் எடுத்துப் பாத்து, இது பொருந்தல, இது பாதி பொருந்துது, இதை இங்க இருந்துக்கிட்டுச் சோதிக்க முடியாதுன்னு வரிசையா எழுதின பிறகு மிஞ்சின 'இருக்கலாம்'. உயிர் தேடுற ஆளுங்க ஏழு படி வச்ச ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, 2021ல நாசா ஆளுங்க முன்வச்சது. ஏதோ ஒரு அடையாளம் கிடைச்சுதுங்கிறது முதல் படி, அது பூமியில இருந்து போன அழுக்கு இல்லைன்னு காட்டுறது அடுத்த படி, அப்படியே ஏறிப் போகும். இந்தப் புள்ளிகள் இன்னும் அடிப்படிகள்ல தான் நிக்குது.

கவுண்டர்ல நிக்கிற ஆளு

கொளச்சல் பக்கத்துல இருந்து ஒரு பாட்டி வந்திருந்தாவ, தாத்தாவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில இருந்து ரத்தம் எங்க லேப்புக்கு வந்திருந்தது. ரத்தக் கல்ச்சர்னா ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற சோதனை, அதுக்கு ரெண்டு கையில இருந்தும் தனித்தனியா எடுத்து தனித்தனி பாட்டில்ல போடுறது வழக்கம். அதுல ஒரு பாட்டில்ல மட்டும் வளந்திருந்தது, அதுவும் நம்ம எல்லார் தோல்லயும் சாதாரணமா இருக்குற ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை. ஊசி போடுறப்ப தோல்ல இருந்து உள்ள போயிருக்கும்ங்கிறதுக்கு தான் வாய்ப்பு ஜாஸ்தி, ஆனா வயசானவர், நெஞ்சுல வால்வு வச்ச ஆளு, அப்படி ஒரேயடியா தள்ளவும் முடியாது. பாட்டி கேட்டாவ, 'பிள்ளே, ஒத்த வார்த்தையில சொல்லு, கிருமி உண்டா இல்லியா?' நான், வளந்திருக்கு பாட்டி, ஆனா அது தாத்தா ரத்தத்துல இருந்ததா தோல்ல இருந்ததான்னு தெரியணும், இன்னொரு தடவ எடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட பேசியிருக்கோம்னு சொன்னேன். 'அப்போ இதுவரைக்கும் செஞ்சது வீணா?'ன்னாவ. வீணே இல்ல. அந்த முதல் ரிப்போர்ட் இல்லாம ரெண்டாவது தடவ எதைத் தேடணும்னே தெரிஞ்சிருக்காது. ஆனா அந்த நேரத்துல, ராத்திரி பூரா தூங்காம வந்து நிக்கிற ஒருத்தர்கிட்ட, இதை எப்படிச் சொன்னா ஏறும்னு எனக்கு இன்னைக்கும் ஒரு சரியான வழி கிடைக்கல. சித்தப்பா கேட்டப்பவும் அதே இடத்துல தான் நின்னேன்.

வெளியில இருந்து பாக்குறவங்க, கல்ச்சர் டெஸ்ட்னா பேட்டரி பல்பு எரியிற மாதிரி, உயிர் இருந்தா எரியும் இல்லாட்டி எரியாதுன்னு நினைக்காங்க. அது அப்படி இல்ல. கிருமியை வளக்குற தட்டு, அதான் பிளேட்டு, அதுல நான் என்ன சாப்பாடு வைக்கேன், எத்தனை டிகிரியில வைக்கேன், எத்தனை நாள் காத்திருக்கேன், இது மூணுலயும் ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு. டிபி கிருமியை எடுத்துக்கோங்க. வழக்கமான முட்டை மீடியத்துல அது கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்குல ஆகும், எட்டு வாரம் வரைக்கும் வச்சிருந்து பாத்துட்டுத் தான் வளரலைன்னு எழுதுவோம். சாதாரண சளி கல்ச்சர் மாதிரி ரெண்டு நாள்ல தூக்கிப் போட்டா ஊர்ல ஒருத்தனுக்கும் டிபி கிடையாது. தொழுநோய்க் கிருமி இன்னும் ஆச்சரியம். 1873ல நார்வேயில ஹான்சன் கண்டுபிடிச்சாரு, ஒன்றரை நூற்றாண்டு தாண்டிப் போச்சு, இன்னைக்கு வரைக்கும் எந்த லேப்லயும் எந்தப் பிளேட்டுலயும் அதை வளக்க முடியல. நோயாளியோட உடம்புல கோடிக்கணக்குல இருக்கும், எங்க பிளேட்டுல ஒண்ணு கூட வராது.

வைக்கிங் போட்ட கல்ச்சர்

1976ல வைக்கிங் 1, வைக்கிங் 2ன்னு ரெண்டு கலம் செவ்வாய்ல ரெண்டு வேற வேற இடத்துல இறங்குச்சு. ரெண்டுலயும் உயிரைத் தேட மூணு சோதனை வச்சிருந்தாங்க. அதுல கில்பர்ட் லெவின் வடிவமைச்சது எங்க லேப் வேலைக்கு ரொம்பப் பக்கம். கொஞ்சம் மண்ணை எடுத்து, அதுல சத்துத் தண்ணியை ஊத்தணும், அந்தச் சத்துல கதிர்வீச்சு உள்ள கார்பன் 14 கலந்திருக்கும். உள்ள ஏதாவது உயிர் இருந்து அதைச் சாப்பிட்டா, வெளிய விடுற வாயுவுலயும் அந்தக் கார்பன் வரும், கருவி எண்ணிரும். ஊத்தினதும் வாயு வந்துச்சு. சடசடன்னு வந்துச்சு. ரெண்டு இடத்துலயும் வந்துச்சு. அப்புறம் கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பாக்குறதுக்கான சோதனை: அதே மண்ணை 160 டிகிரிக்குச் சூடாக்கி, எது இருந்தாலும் செத்துப் போற அளவுக்கு வச்சு, திரும்ப ஊத்தினப்ப வாயு வரல. கிளம்புறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருந்த நிபந்தனைப்படி பாத்தா இது உயிர் உண்டுன்னு தான் அர்த்தம்.

ஆனா ரெண்டாவது தடவ சத்துத் தண்ணி ஊத்தினப்ப வாயு கூடல, கொஞ்சம் குறையவே செஞ்சுது. உயிர்னா இன்னும் சாப்பிட்டுப் பெருகணும்ல. அதைவிடப் பெரிய இடி, மண்ணை 500 டிகிரி வரைக்கும் சூடாக்கி கரிமப் பொருளைத் தேடின வேற ஒரு கருவி கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிச்சு. குளோரோமீத்தேன் மாதிரி ரெண்டொரு பொருள் வந்தது, அது பூமியில கருவியைக் கழுவின ரசாயனத்தோட மிச்சம்னு ஒதுக்கிட்டாங்க. உடம்பே இல்லாம உயிரான்னு கேட்டு, மண்ணுல ஏதோ ரசாயனம் தான் வாயுவை விடுதுன்னு பெரும்பாலானவங்க முடிவுக்கு வந்தாங்க. லெவின் மட்டும் 2021ல 97 வயசுல சாகுற வரைக்கும், நாங்க உயிரைக் கண்டுபிடிச்சோம்னே சொல்லிட்டு இருந்தாரு. 2008ல ஃபீனிக்ஸ் கலம் வட துருவம் பக்கத்துல இறங்கி மண்ணைச் சோதிச்சப்ப தான் முடிச்சு அவிழ ஆரம்பிச்சுது, அந்த மண்ணுல பெர்குளோரேட்னு ஒரு உப்பு இருந்தது. குளிர்ல சும்மா கிடக்கும், சூடாக்கினா பக்கத்துல இருக்குற கரிமப் பொருளை எரிச்சுரும், எரிக்கிறப்ப குளோரோமீத்தேன் உண்டாகும். 2010ல அட்டகாமா பாலைவன மண்ணுல பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கிப் பாத்தாங்க, வைக்கிங்ல வந்த மாதிரியே வந்துச்சு. அதாவது தேடின கருவியே தேடின பொருளை எரிச்சிருக்கலாம்.

எனக்கு இதுல யாரு மேலயும் கோபம் இல்ல, 1976ல அந்த உப்பு இருக்கும்னு யாரு கண்டா. ஆனா ஒண்ணு மட்டும் நெஞ்சுல தைக்குது. மண்ணோட ரசாயனம் தெரியிறதுக்கு முன்னாடியே அதுகிட்ட உயிர் உண்டான்னு கேட்டாங்க, பதில் குழப்பமா வந்ததும் ஊருக்கு அது 'செவ்வாய் செத்த கிரகம்'னு போய்ச் சேந்துச்சு. 1997ல பாத்ஃபைண்டர் இறங்குற வரைக்கும் இருபது வருசத்துக்கு மேல எதுவும் அங்க வெற்றிகரமா இறங்கல. வைக்கிங் மாதிரி நேரடியா சோறு போட்டு உயிரைத் தேடுற சோதனையை நாசா இன்னைக்கு வரைக்கும் திரும்ப அனுப்பவே இல்ல. முடிவாகாத ஒரு ரிப்போர்ட்டை இல்லைன்னு படிச்சா எவ்வளவு காலம் போகும்ங்கிறதுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

புத்தளத்து ரோஸ் தண்ணி

எங்க அம்மா வீடு புத்தளம். மாமா உப்பளத்துல வேலை பாத்து வளந்தவர். வெயில் காலத்துல அங்க போனா கடைசிப் பாத்திகள்ல தண்ணி ரோஸ் கலர்ல கிடக்கும், சில நாள் செம்பருத்திப் பூவை அரைச்சு விட்ட மாதிரி. கடல் தண்ணியை ஒவ்வொரு பாத்தியா மாத்தி வெயில்ல காயவிட்டு, டிகிரி (சூடு இல்ல, உப்போட அடர்த்தியை அளக்குற போமே டிகிரி) ஏறி 25 பக்கம் வர்றப்ப உப்பு விழ ஆரம்பிக்கும், அந்தக் கட்டத்துல தான் இந்தச் சிவப்பு. சின்னப் பிள்ளையில பாத்துப் பழகினது, ஆனா வைக்கிங் கதையைப் படிச்ச பிறகு தான் இதை ஒழுங்கா கேக்கணும்னு தோணிச்சு. மாமா சொன்னாரு: 'இந்தச் செவப்பு வந்தாத்தான் மக்ளே உப்பு நல்லா விழும். இல்லாட்டி தண்ணி சீக்கிரம் சூடு பிடிக்காது.' தேரி மண்ணு கலந்தாலும் சிவப்பாத் தானே மாமா இருக்கும்னு கேட்டேன். ஒரு கண்ணாடி பாட்டில்ல மொண்டு வெயில் படாத இடத்துல வச்சாரு. 'மண்ணுன்னா நாளைக்கு அடியில தங்கிரும். இது தங்காது, பாத்துக்கோ.' மறுநாள் போய்ப் பாத்தப்ப பாட்டில் அடியில கொஞ்சம் வண்டல் இருந்தது, மேல தண்ணி அதே ரோஸ். நான் அசந்து போனேன். மண்ணோட சாதாரண சிவப்புக்கும் உயிர் போட்ட சிவப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாமா ஒரு சோதனையே கைவசம் வச்சிருக்காரு.

அந்தத் தண்ணியை எங்க லேப் மேடம்கிட்ட அனுமதி கேட்டு, வேலை முடிஞ்ச பிறகு, நாங்க தினமும் பயன்படுத்துற சாதாரண ஏகார் (கிருமிக்குச் சத்து கலந்த ஜெல்லி) பிளேட்டுலயும் ரத்தம் கலந்த பிளட் ஏகார்லயும் தடவி இன்குபேட்டர்ல 37 டிகிரியில வச்சேன். என்ன ஆகும்னு ஓரளவு தெரியும், ஆனா கண்ணால பாக்கணும்னு தான். ரெண்டு நாள் கழிச்சு எடுத்தா பிளேட் ரெண்டும் பளிச்சுன்னு இருந்தது. ஒரு காலனி, அதாவது கண்ணுக்குத் தெரியிற கிருமிக் கூட்டம், கூட இல்ல. ஒரு நோயாளியோட சாம்பிளா இருந்தா அப்படியே 'நோ குரோத்'னு எழுதி கையெழுத்துப் போட்டிருப்போம், ரூல்படி அது சரியான ரிப்போர்ட்டும் கூட.

பிறகு ஒரு சொட்டை ஸ்லைடுல வச்சு மைக்ரோஸ்கோப்ல பாத்தேன். நாற்பது லென்ஸ்ல முதல்ல தெரிஞ்சது டுனாலியெல்லா, உப்புத் தண்ணியில வாழ்ற ஒத்தைச் செல் பாசி. சின்னப் பேரிக்காய் வடிவம், ஆரஞ்சும் பச்சையும் கலந்த உடம்பு, முன்னாடி ரெண்டு வால், வட்டம் வட்டமா உருண்டு உருண்டு நீந்திட்டு இருந்தது. அதுங்களுக்கு நடுவுல இன்னும் பொடியா, ஆயில் லென்ஸ் போட்டாத்தான் தெரியிற குச்சி மாதிரி உருவம் எக்கச்சக்கம், உப்பை விரும்புற ஆர்க்கியா (பாக்டீரியா மாதிரி ஒத்தைச் செல், ஆனா வேற இனம்), தண்ணிக்கு ரோஸ் நிறம் கொடுக்குறதுல பெரும்பங்கு இதுங்களுக்குத் தான். அதுக்குப் பிறகு கவர்ஸ்லிப் ஓரத்துல ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் வச்சேன். அது மெதுவா உள்ள ஊறி வர வர, நீந்திட்டு இருந்த டுனாலியெல்லா ஒவ்வொண்ணா நின்னுச்சு, பலூன் மாதிரி உப்புச்சு, உடைஞ்சு நிறம் மட்டும் கசிஞ்சு பரவிச்சு. அதுக்குக் கெட்டியான செல் சுவர் கிடையாது, வெளிய உப்பு குறைஞ்சா தண்ணி உள்ள பாஞ்சு வெடிச்சுரும். குச்சிகளும் அப்படித்தான் காணாமப் போச்சு. நமக்கு உயிர் கொடுக்குற நல்ல தண்ணி அதுங்களைக் கொல்லுது. இதை நான் புத்தகத்துல படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதியும் இருக்கேன். ஆனா லென்ஸ்ல கண்ணை வச்சு, நான் வச்ச ஒரு சொட்டுத் தண்ணியில அது ஒவ்வொண்ணா வெடிக்கிறதைப் பாத்துட்டு இருந்தப்ப தான் வைக்கிங் செவ்வாய் மண்ணுல ஊத்தின அந்தத் தண்ணி மனசுக்கு வந்துச்சு. டிர்க் ஷுல்ஸ் மகுச்னு ஒரு விஞ்ஞானி இதையே சொல்லியிருக்காரு, அங்க காஞ்ச உப்புக்குள்ள வாழப் பழகின ஏதாவது இருந்திருந்தா வைக்கிங் அதை தண்ணியில மூழ்கடிச்சுக் கொன்னிருக்கலாம்னு. அது நிரூபணம் ஆன விஷயம் இல்ல, ஒரு யோசனை. ஆனா அதை நடக்காத காரியம்னு இனிமே என்னால தள்ள முடியாது.

மாமா கொடுத்த உப்பையே கரைச்சு, நூத்துக்கு இருபது பங்குக்கு மேல உப்பு வச்சு, அதுல கொஞ்சம் சத்து சேத்து புதுசா பிளேட் ஊத்தினேன். ஒண்ணுல பாத்தித் தண்ணி, இன்னொண்ணுல அதே தண்ணியை ஆட்டோகிளேவ்ல 121 டிகிரியில வேகவச்சுப் போட்டேன், கன்ட்ரோலுக்கு. காஞ்சு போகாம பிளாஸ்டிக் உறை போட்டு ஓரமா வச்சாச்சு. வாரக்கணக்குல ஒண்ணும் இல்லாம இருந்து, ஒரு நாள் முதல் பிளேட்டுல மட்டும் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பு காலனி வரிசையா வந்திருந்தது. ரெண்டாவது பிளேட் சுத்தம். மாமி அதைப் பாத்துட்டு, 'இது மழைக்காலத்துல கருவாடு செவக்குமே அந்தச் செவப்பு தானே'ன்னாவ. அதே கூட்டம் தான். அளத்து உப்புலயே அது இருக்கும், ஈரம் கிடைச்சா மீன் மேல வளந்து சிவக்கும், மீன் பதப்படுத்துற துறையில இது பழைய தலைவலி. உப்பு படிகம் உறையிறப்ப உள்ள மாட்டிக்கிற துளி தண்ணியில இந்த ஆர்க்கியா ரொம்ப காலம் உயிரோட இருக்கும்னும் கண்டுபிடிச்சிருக்காங்க. செவ்வாயோட தெற்கு மேட்டுநிலத்துல குளோரைடு உப்புப் படிவு நிறைய இடத்துல கிடக்குன்னு 2008ல மார்ஸ் ஒடிசி கலத்தோட தகவல வச்சு சொன்னாங்க, அதை ஏன் ஆசையா பாக்குறாங்கன்னு இப்பப் புரியும்.

முதல்ல போட்ட பிளேட் பொய் சொல்லல. இந்தச் சாப்பாட்டுல, இந்தச் சூட்டுல, இந்த ரெண்டு நாள்ல எதுவும் வளரலைன்னு சொல்லிச்சு, அது முழு உண்மை. புத்தளத்துத் தண்ணி செத்த தண்ணின்னு அது சொல்லவே இல்ல, அப்படி நான் படிச்சா அது எனக்க தப்பு. சித்தப்பாவோட கேள்விக்கு நான் குரூப்ல திரும்ப எழுதினது இதைத் தான், ரெண்டு பிளேட்டோட போட்டோவையும் போட்டு.

யாரோட கிருமி

இந்தப் பக்கம் மட்டும் சொன்னா நியாயம் ஆகாது, உண்டுன்னு சொல்றதுலயும் அதே அளவு ஆபத்து இருக்கு. கிராம் ஸ்டெயின் (கிருமிக்குச் சாயம் ஏத்தி லென்ஸ்ல பாக்குற முறை) போடுறப்ப சாயம் சரியா வடிகட்டலைன்னா அதோட துகள் ஊதாக் கலர்ல உருண்டை உருண்டையா படியும், பழக்கம் இல்லாத கண்ணுக்கு அது அப்படியே உருண்டைக் கிருமி, நாங்க காக்கஸ்னு சொல்றது. 1996 ஆகஸ்ட்ல அமெரிக்க அதிபர் கிளின்டனே பேசுற அளவுக்குப் போன ஆலன் ஹில்ஸ் விண்கல் கதையும் ஒரு வகையில இது தான். 1984ல அன்டார்டிகாவுல எடுத்த கல்லு, செவ்வாய்ல இருந்து வந்தது, அதுக்குள்ள புழு மாதிரி நுண்ணிய உருவம் தெரிஞ்சுது, கூட வேற ரசாயன அடையாளமும் இருந்தது. ஒவ்வொண்ணுக்கும் உயிர் இல்லாத விளக்கம் வந்து, இன்னைக்குப் பெரும்பாலானவங்க அதை உயிர்னு ஏத்துக்கல. உருவத்தை மட்டும் நம்பக்கூடாதுன்னு அந்தக் கல்லு சொல்லிக் கொடுத்துச்சு.

கன்டாமினேஷன், அதாவது வெளியில இருந்து அழுக்கு கலக்குறது, அதைவிட மோசம், ஏன்னா அங்க பாக்குறது நிஜமாவே உயிர், ஆனா நம்ம உயிர். வைக்கிங் கலத்தை 110 டிகிரிக்கு மேல ஒரு நாளைக்கும் மேல ஓவன்ல வேகவச்சு அனுப்பினாங்க. அவ்வளவு கவனிச்சும், விண்கலம் செய்யிற சுத்த அறைகள்லயே வாழ்ற பாக்டீரியா உண்டு. டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ்னு ஒண்ணு, ஃப்ளோரிடாவுல ஒரு சுத்த அறையிலயும் தென் அமெரிக்காவுல ஃப்ரெஞ்சு கயானாவுல ஒரு சுத்த அறையிலயும் கிடைச்சுது, வேற எங்கயும் பாக்காத ஜாதி. துடைச்சுத் துடைச்சு மத்ததை எல்லாம் கொன்னு, அதுக்கு மட்டும் ஒரு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிருச்சு. மங்கள்யான் தேடின மீத்தேன் விஷயத்துலயும் இதே சிக்கல் தான். கியூரியாசிட்டி ரோவர் கேல் பள்ளத்துல மீத்தேன் இருக்குங்குது, காலத்துக்குத் தக்க கூடிக் குறையுதுங்குது, 2019 ஜூன்ல நூறு கோடியில 21 பங்கு வரைக்கும் போச்சு. மேல சுத்துற ஐரோப்பாவோட டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் ஒண்ணுமே தெரியலைங்குது. ரோவர் பூமியில இருந்து தனக்குள்ள கொண்டுபோன மீத்தேனே கசியுதோன்னு கேட்ட விஞ்ஞானியும் உண்டு. இந்தச் சண்டை இன்னும் தீரல. ஒரு பாட்டில்ல மட்டும் வளந்த ஸ்டாஃபிலோகாக்கஸை வச்சுக்கிட்டு நிக்கிற ஆளுக்கு இது நல்லாவே புரியும்.

செயாவா ஃபால்ஸ் பாறையில துளைச்சு எடுத்த துண்டுக்கு சஃபையர் கான்யன்னு பேரு, ஒரு குழாய்க்குள்ள அடைச்சு ரோவருக்குள்ள இருக்கு. அதைப் பூமிக்குக் கொண்டுவந்து, இங்க இருக்குற பெரிய கருவியில, கந்தகத்தோட ஐசோடோப்பு விகிதத்தை எல்லாம் அளந்து பாத்தாத்தான் மேல் படிக்குப் போக முடியும். அதுக்குப் போட்ட திட்டம் 800ல இருந்து 1100 கோடி டாலர் ஆகும்னு 2023ல ஒரு தனிக் குழு கணக்குச் சொல்லிச்சு, 2024ல நாசாவே 2040 வரைக்கும் இழுக்கும்னு ஒத்துக்கிட்டு வேற வழி தேட ஆரம்பிச்சுது, 2025ல அமெரிக்க அரசு பட்ஜெட்ல அதை நிறுத்தவே சொல்லிச்சு. சீனா 2028 வாக்குல தியான்வென் 3 அனுப்பி வேற ஒரு இடத்து மண்ணைக் கொண்டுவரத் திட்டம் போட்டிருக்கு. ஐரோப்பாவோட ரோசலிண்ட் ஃப்ராங்க்ளின் ரோவர் கதிர்வீச்சு எட்டாத ரெண்டு மீட்டர் ஆழம் வரைக்கும் துளைக்கப் போகுது. யாரு முந்தினாலும் எனக்குச் சந்தோஷம் தான், ஆனா அந்த ஒரு குழாயை அங்கயே விட்டுறாதீங்கன்னு மனசு அடிச்சுக்குது. ரெண்டாவது தடவ ரத்தம் எடுக்காமலே நோயாளியை வீட்டுக்கு அனுப்புற காரியம் அது.

பெர்சவியரன்ஸ்ல மொத்தம் 43 குழாய் இருக்கு. அதுல 5 குழாய் பாறைக்கு இல்ல, சாட்சிக்கு. மத்த குழாயை எப்படித் திறந்து மூடுறாங்களோ அதே மாதிரி இதையும் அங்க திறந்து, பாறையே போடாம மூடி வைப்பாங்க, ரோவர்ல இருந்து பூமியோட அழுக்கு எதுவும் உள்ள விழுந்திருந்தா இதுலயும் விழுந்திருக்கும். எங்க லேப்ல ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சாம்பிள் போடாம ஒரு பிளேட்டை இன்குபேட்டர்ல வைக்கோமே, அது தான் இது. சஃபையர் கான்யன் என்னைக்காவது வந்து சேந்தா டிவியில எல்லாரும் அந்தப் புள்ளிகளைத் தான் காட்டுவாங்க. நான் முதல்ல படிக்கப் போறது அந்தச் சாட்சிக் குழாயோட ரிப்போர்ட்டை.